பொதுச் சுவரா, தனிச் சுவரா? காம்பவுண்டுச் செலவைப் பக்கத்து மனையோடு பகிரும் வழிகள்

தென்வடலாக 60 அடி நீளமுள்ள ஓர் எல்லை. கிழக்கே ஒருவர் மனை, மேற்கே இன்னொருவர் மனை. இரண்டும் 40க்கு 60, ஆளுக்கு ஒரு கிரவுண்டு. நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர் வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இந்த 60 அடியைக் கட்ட நம் ஊர் லேஅவுட்டுகளில் நான்கு வழிகள் புழங்குகின்றன. எல்லைக்கோட்டின் மீது ஒரே சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதிச் செலவை ஏற்பது ஒன்று. அவரவர் நிலத்துக்குள் அவரவர் சுவர் என்பது இரண்டாவது. "கிழக்குப் பக்கம் நாங்க பாத்துக்கிறோம், மேற்குப் பக்கம் அந்த வீட்டுக்காரர் கட்டட்டும்" என்று பக்கம் பிரித்துக்கொள்வது மூன்றாவது. ஒருவர் இப்போதே கட்டிவிட, மற்றவர் வீடு கட்ட வரும்போது தன் பங்கைத் தருவது நான்காவது.

பேச்சு எப்போதும் "ரன்னிங் அடிக்கு என்ன ரேட்?" என்றுதான் தொடங்குகிறது. சண்டை ரேட்டில் வருவது அபூர்வம். சுவர் யார் மண்ணில் நிற்கிறது, கட்டி முடித்தபின் அது யாருடையது என்ற இரண்டு கேள்விகளில்தான் வருகிறது. பாதிப் பணம் கொடுத்தவர் சுவரில் பாதி தன்னுடையது என்று நினைப்பார். சுவர் முழுக்கத் தன் மனையில் நிற்கிறது, ஆகவே தன்னுடையது என்று மற்றவர் நினைப்பார். இருவர் நினைப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் தொல்லை. ஆகவே கீழே நான்கு வழிகளையும் செலவை வைத்து மட்டும் பார்க்காமல், உரிமை எங்கே போய் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

அதற்கு முன் ஒன்று. பாதிச் செலவை ஏற்கும்படி பக்கத்து மனைக்காரரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1991ஆம் ஆண்டிலிருந்து எல்லை வேலிக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. போதுமான தரமுள்ள வேலிக்கு இருவரும் சரிபாதி தர வேண்டும், அதற்கு மேல் சிறப்பாக வேண்டும் என்பவர் கூடுதலைத் தானே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், "அடிப்படைச் சுவருக்குப் பாதி, ஆசைக்கு அவரவர்" என்ற அந்தக் கணக்கு இங்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இங்கே எல்லாமே சம்மதத்தில் நிற்பது. சம்மதம் இல்லாமல் கட்டிவிட்டு பில்லை நீட்டுவதில் பயனில்லை.

கோடு எங்கே போகிறது?

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் செலவு அளப்பது. பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியில் "கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி" என்று இருக்கும். அது நீளத்தைச் சொல்கிறதே தவிர, தரையில் கோடு எங்கே என்று சொல்வதில்லை. தரையில் சொல்பவை சர்வே கற்களும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் புலப்படம் என்னும் நில அளவை வரைபடமும்தான். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையத்தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எல்லை அளந்து அத்து காட்டச் சொல்லி நில அளவைப் பிரிவுக்கு இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ மனுப் போடலாம். சர்வேயர் வரும் நாளைப் பக்கத்து மனைக்காரருக்கும் தெரிவித்து, இருவரும் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் நின்று அளந்த கோட்டை மற்றவர் பிறகு ஏற்பதில்லை.

இரண்டு இடங்களில் இது சறுக்கும். லேஅவுட் மனை இன்னும் உட்பிரிவு ஆகவில்லை என்றால், புலப்படத்தில் தாய் சர்வே எண்ணின் எல்லை மட்டுமே இருக்கும். உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள கோடு அதில் இருக்காது. அப்போது அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தை வைத்து, தெருமுனைக் கல்லிலிருந்து வரிசையாக எல்லா மனைகளையும் அளந்துகொண்டு வர வேண்டும். மொத்தத்தில் ஓரடி குறைகிறது என்று தெரிந்தால், அந்தக் குறையைக் கடைசி மனைக்காரர் தலையில் கட்டுவதா, எல்லோரும் இஞ்சு இஞ்சாக ஏற்பதா என்பதை அங்கேயே பேசிவிட வேண்டும். இரண்டாவது சறுக்கல் அலகு. புலப்பட அளவு மீட்டரில், பெரும்பாலும் ஒரு தசமத்தோடு நின்றுவிடும். 0.1 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 4 இஞ்சு. ஒன்பது இஞ்சுச் சுவரின் பாதித் தடிமன் நாலரை இஞ்சுதான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தத் தசமம் எவ்வளவு பெரிய வம்பு என்று புரியும்.

சர்வே கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி குற்றம். கல்லைக் கவனித்துப் பராமரிக்கும் பொறுப்பும் நில உடைமையாளருடையதே. வானம் தோண்டும்போது கல் இடைஞ்சல் என்று ஆட்கள் பெயர்த்து ஓரமாக வைப்பது அன்றாடக் காட்சி. அதற்கு இடம் கொடுக்காமல், பில்லர் குழியைக் கல்லிலிருந்து தள்ளிக் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒரே சுவர், பாதிப் பாதி

சம உயரத் தரை, பேச்சுவார்த்தை உள்ள அக்கம்பக்கம், ஒரு கிரவுண்டோ அதற்குக் குறைவோ உள்ள மனை என்றால் எங்கள் பரிந்துரை இதுதான். காரணம் செலவு பாதியாவது மட்டுமன்று.

அஸ்திவாரத்தைப் பாருங்கள். காம்பவுண்டு பில்லருக்கு வழக்கமாக 3க்கு 3 அடிக் குழி எடுத்து, அடியில் கம்பி வலை போட்டு, நடுவில் 9க்கு 9 இஞ்சு பில்லரை நிறுத்துவார்கள். பொதுச் சுவரில் குழி கோட்டுக்கு இருபுறமும் ஒன்றரை அடி விரியும். பில்லர் குழியின் நட்ட நடுவில் நிற்கும், பாரம் நேராக இறங்கும். தனிச் சுவரைக் கோட்டை ஒட்டிக் கட்டுகிறவருக்கு இந்த வசதி இல்லை. அவருடைய பில்லர் குழியின் ஓரத்தில் நிற்க வேண்டும். பாரம் ஒரு பக்கமாக இறங்குவதால் சில மழைக்குப் பிறகு சுவர் மெல்ல வெளிப்பக்கம் சாயத் தொடங்கும். இல்லாவிட்டால் பக்கத்து மனைக்குள் மண்ணுக்கடியில் காங்கிரீட்டை நீட்ட வேண்டும். பலர் சொல்லாமல் இதைத்தான் செய்கிறார்கள். பக்கத்துக்காரர் வீடு கட்டத் தோண்டும்போது அது அகப்பட்டு, இடிக்கச் சொல்வார்.

நிலக் கணக்கும் உண்டு. 9 இஞ்சுத் தடிமன், 60 அடி நீளம் என்றால் சுவர் நிற்கும் இடம் 45 சதுர அடி. பொதுச் சுவரில் ஆளுக்கு 22.5 சதுர அடிதான் போகும். 30 அடி அகல மனையில் கார் நிறுத்தும் சந்துக்கு அந்த நாலரை இஞ்சு பெரிய விஷயம்.

தரையிலிருந்து 5 அடி உயரத்துக்கு, 60 அடி நீளத்துக்குச் சாமான் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். சுவர்ப் பரப்பு 300 சதுர அடி. நாலரை இஞ்சுச் சுவராக எழுப்பினால் சதுர அடிக்கு 5 செங்கல் வீதம் 1,500. ஒன்பது இஞ்சு என்றால் இரட்டிப்பாக 3,000, அதற்குக் கலவைச் சிமென்ட் 10 மூட்டை. 10 அடிக்கு ஒரு பில்லர் என்று வைத்தால் 7 பில்லர். பில்லருக்கும், பில்லர்களை இணைக்கும் காங்கிரீட் பெல்ட்டுக்கும் 10 மி.மீ. கம்பி நான்கு, 8 மி.மீ. ரிங் ஆறு இஞ்சுக்கு ஒன்று, அடிவலை எல்லாம் சேர்த்து 200 முதல் 225 கிலோ இரும்பு. 5 அடிக்கு, பில்லரும் பெல்ட்டும் ஒழுங்காக இருந்தால் நாலரை இஞ்சே போதும். ஒன்பது இஞ்சு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் கூடுதல் 1,500 செங்கல்லின் செலவை ஏற்கட்டும்.

பொதுச் சுவரில் கெடுவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். நாலரை இஞ்சுச் சுவரை ஒன்பது இஞ்சு பில்லரின் ஒரு முகத்தோடு சமமாக ஓட்டினால், ஒரு வீட்டுக்குத் தட்டையான சுவர் கிடைக்கும், மற்ற வீட்டுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும் பில்லர்கள் கிடைக்கும். பில்லரின் நடுவில் சுவர் ஓடினால் இருபுறமும் இரண்டேகால் இஞ்சுப் பள்ளம், இருவருக்கும் ஒரே தோற்றம். மேலே போடும் கோப்பிங் காங்கிரீட்டும் அப்படித்தான். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். ஒரு பக்கமே சரிந்தால் மழைநீர் முழுக்க ஒருவர் முகத்தில் வழிந்து, அந்தப் பக்கம் பாசி பிடித்து பெயின்ட் உரியும். தனிச் சுவராக இருந்தால் நேர் எதிர்: சரிவு முழுக்கக் கட்டியவர் பக்கமே இருக்க வேண்டும், பக்கத்து மனையில் ஒரு சொட்டும் விழக்கூடாது.

பூச்சை மட்டும் பங்கு போடாமல் இருப்பது நல்லது. அவரவர் முகத்தை அவரவர் பூசி, அவரவர் விரும்பும் நிறம் அடித்துக்கொள்ளலாம். 300 சதுர அடிக்கு 12 மி.மீ. பூச்சு என்றால் 3 மூட்டை சிமென்ட் ஆகும். ஒருவர் டைல்ஸ் ஒட்டுவார், இன்னொருவர் பூசாமலே ஐந்து வருடம் விடுவார். அதற்கெல்லாம் கணக்குப் பார்க்க முடியாது.

வாஸ்து குறுக்கே வரும். தெற்கும் மேற்கும் உயர்ந்து கனமாக, வடக்கும் கிழக்கும் தாழ்ந்து மெல்லிதாக இருக்க வேண்டும் என்பார்கள். ஒருவரின் மேற்குச் சுவர்தான் அடுத்தவரின் கிழக்குச் சுவர். ஒரே சுவர் எப்படி ஒரே நேரத்தில் கனமாகவும் மெல்லிதாகவும் இருக்கும்? பொதுச் சுவரே ஆகாது என்று சொல்லும் வாஸ்துக்காரர்களும் உண்டு. நம்பிக்கை உள்ளவரிடம் வாதாடிப் பயனில்லை. மேற்கு உயர வேண்டும் என்பவர் தன் பக்கம் ஒரு வரிசைக் கல்லைக் கூட்டிக்கொள்ளவும், அதன் செலவைத் தானே ஏற்கவும் மற்றவர் சம்மதித்தால் விஷயம் முடிந்தது. முடியாவிட்டால் தனிச் சுவர்தான்.

அவரவர் சுவர்

இரண்டு சுவர், இரட்டைச் செலவு. கணக்குக்காக ரன்னிங் அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பொதுச் சுவரில் ஆளுக்கு 60,000. தனித்தனியாகக் கட்டினால் ஆளுக்கு 1,20,000. இரண்டு சுவருக்கும் நடுவில் அரை அடியோ ஓரடியோ இடைவெளி விழுந்தால், அது யாருக்கும் பயன்படாமல் குப்பையும் செடியும் பாம்பும் சேரும் இடமாகிவிடும். அந்த இடுக்கில் கை நுழையாது என்பதால் இரண்டு சுவரின் வெளிமுகமும் பூசப்படாமலே நின்று, மழையில் ஈரம் இழுக்கும்.

ஆனாலும் சில இடங்களில் இதுதான் சரி. தரைமட்டம் இரண்டடிக்கு மேல் வேறுபட்டால், எல்லைக் கோட்டில் வழக்கு இருந்தால், ஒருவர் சுவரோடு சேர்த்து ஷெட்டோ மோட்டார் ரூமோ கட்டும் எண்ணத்தில் இருந்தால், மறுபக்கத்து மனை வெளியூர்க்காரருடையதாக இருந்து ஆளையே பிடிக்க முடியாவிட்டால், பாதிப் பணத்துக்காக வருடக் கணக்கில் காத்திருப்பதைவிடத் தன் நிலத்துக்குள் கட்டிவிடுவது நிம்மதி.

இதில் ஒரு நெருடல் எழும். ஒருவர் முழுக்கத் தன் நிலத்தில் சுவர் கட்டிவிட்டார், பக்கத்துக்காரருக்குச் செலவில்லாமலே மறைப்புக் கிடைத்துவிட்டது. கட்டியவர் பாதி கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் கொடுப்பவருக்கு அந்தப் பணத்தால் எந்த உரிமையும் வராது. சுவரும் மண்ணும் கட்டியவருடையவையே. நாளை அவர் இடித்துவிட்டாலும் ஒன்றும் கேட்க முடியாது. கோட்டின் மீது நிற்காத சுவருக்குப் பாதி கொடுக்காதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை. அதற்குப் பதில் உங்கள் பக்க முகத்தைப் பூசிக்கொள்ள அனுமதி கேட்டு, அந்தச் செலவை நீங்கள் ஏற்கலாம். சுவருக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது. ஆணி அடிப்பதும் கம்பி இழுப்பதும் மட்டும் கூடாது.

பக்கம் பிரித்தல், பிறகு தருதல்

பக்கம் பிரிக்கும் முறையில் பணம் கைமாறுவதே இல்லை என்பது பெரிய வசதி. ஒரு வரிசையில் உள்ள எல்லோரும் தத்தம் கிழக்குப் பக்கத்தைக் கட்டினால் எல்லோருக்கும் இரண்டு பக்கமும் அடைபட்டுவிடும். பின்பக்கம் 40 அடி மட்டும் பின்மனைக்காரரோடு பேசிக்கொள்ள வேண்டும். வரிசை அறுபடும் இடத்தில்தான் இது இடறும். மூலை மனைக்காரருக்குத் தெருப்பக்கச் சுவர் முழுக்க அவர் செலவு, கூடவே வரிசைப் பங்கும் சேரும். நடுவில் ஒருவர் கட்டாமல் விட்டால், அவருக்குக் கிழக்கே இருப்பவர் வேலை முடித்தும் தன் மேற்கே திறந்த மனையோடு நிற்பார். ஒருவர் ஒன்பது இஞ்சில் கட்ட, அடுத்தவர் பில்லரே இல்லாமல் ஹாலோ பிளாக்கை அடுக்கிவிட்டுப் போவதும் நடக்கும். தரத்தை முன்பே எழுதாவிட்டால் இந்த முறை வேண்டாம். சுவர் கோட்டின் நடுவிலா, கட்டுபவர் நிலத்துக்குள்ளா என்பதையும் முன்பே தீர்க்க வேண்டும்.

"நான் வீடு கட்டும்போது தந்துடறேன் சார்" என்ற வாக்கு நல்லெண்ணத்தில்தான் கொடுக்கப்படுகிறது. ஆனால் மனை கைமாறினால், புதிதாக வாங்கியவரைப் பழையவரின் வாய்ப்பேச்சு கட்டுப்படுத்தாது. "நான் வாங்கும்போதே சுவர் இருந்தது" என்பார், அது உண்மையும்கூட. பணம் தரும் நாள் வந்தாலும், கட்டிய அன்றைய பில்லில் பாதியா, இன்றைய விலையில் பாதியா என்ற கேள்வி எழும். கட்டியவர் இன்றைய விலையைக் கேட்பார், தருபவர் பழைய பில்லைக் காட்டச் சொல்வார். எங்கள் பார்வையில் பழைய பில்லில் பாதி, வட்டியில்லாமல் என்பதே நியாயம். இத்தனை ஆண்டுகளில் சுவருக்கு வயதாகியிருக்கிறது, வட்டி அதில் கழிந்துவிடுகிறது. பில்களைப் பத்திரப்படுத்தாதவர் இந்த வழிக்கே போகக் கூடாது.

இன்னொன்று: மறுபக்கத்து மனையில் ஓரிரு ஆண்டில் வீடு வரப்போகிறது என்று தெரிந்தால், இப்போது செங்கல் சுவரே வேண்டாம். ஜல்லி லாரி பின்னால் வந்து இடிக்கும், மணலைச் சுவரோடு சாய்த்துக் கொட்டுவார்கள். அதுவரை கல்தூண் நட்டுக் கம்பி போட்டுச் சமாளித்து, அவர் வீடு முடியும் தறுவாயில் இருவர் மேஸ்திரியையும் வைத்துப் பேசிச் சுவரெழுப்புவது மேல்.

மண் கொட்டி உயர்த்திய மனை

பாதிப் பாதி என்ற கணக்கு முற்றிலும் தவறாகும் இடம் இது. சாலை உயர உயரப் புறநகர் மனைகளில் இரண்டடி, மூன்றடி மண் கொட்டி உயர்த்துகிறார்கள். பக்கத்து மனை பழைய மட்டத்திலேயே இருக்கிறது. நடுவில் நிற்கும் சுவர் இப்போது வெறும் மறைப்புச் சுவரன்று, மண்ணைத் தாங்கும் சுவர். 3 அடி மண் காய்ந்திருக்கும்போதே 60 அடிச் சுவரை மொத்தமாக நாலரை டன் அளவு விசையோடு தள்ளும். மழையில் பின்னால் தண்ணீர் தேங்கினால் அது இரட்டிப்பாகும். நாலரை இஞ்சுச் சுவருக்கு அந்தத் தெம்பு கிடையாது. முதலில் பில்லரும் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்குத்தாக விரிசல், பிறகு நடுவயிறு வீங்கும், ஓர் ஐப்பசி மழையில் தாழ்ந்த பக்கத்தில் சாயும்.

மூன்றடி மண்ணுக்குக் கருங்கல் கட்டுமானமாக அடியில் ஒன்றேமுக்காலிலிருந்து இரண்டடி அகலமும், மேலே ஒன்றேகால் அடியாவதும் வேண்டும். இல்லாவிட்டால் பொறியாளரிடம் கணக்குப் போட்டுக் காங்கிரீட் தாங்குசுவர். பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் கசிய 5, 6 அடிக்கு ஒரு குழாய் விட வேண்டும். எல்லோரும் இந்தக் குழாயைத் தாழ்ந்த மனைப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அது அடுத்தவர் நிலத்துக்குள் நம் தண்ணீரை விடுவது. ஜல்லிக்கு அடியில் துளையிட்ட குழாயை நீளவாக்கில் போட்டு, தெருப்பக்கம் வாட்டம் கொடுத்து, உயர்த்தியவர் பக்கமே நீரை வெளியேற்றுவதுதான் முறை.

இதற்கான செலவு யாருடையது? மண் கொட்டியவருடையது. தாங்குசுவரும் அவர் நிலத்துக்குள்தான் நிற்க வேண்டும். அதன் மேல் வரும் மறைப்புச் சுவரைப் பகிரலாமா என்றால், தாழ்ந்த தரையிலிருந்து 5 அடிச் சுவர் தனியாகக் கட்டினால் என்ன ஆகுமோ அதில் பாதிக்கு மேல் தாழ்ந்த மனைக்காரரிடம் கேட்கக் கூடாது. உயர்ந்த பக்கத்திலிருந்து 5 அடி வேண்டுமென்றால், தாழ்ந்த பக்கத்தில் அது 8 அடி மதில். காற்றும் வெளிச்சமும் குறையப்போவது அவருக்குத்தான், அதற்கு அவரிடமே காசும் கேட்பது நியாயமில்லை. எதிர்மாறாக, ஒருவர் சுவரோரமாகத் தொட்டிக்கோ சம்புக்கோ ஆழமாகத் தோண்டினால் அடியை வலுப்படுத்தும் செலவு தோண்டியவருடையது.

கரிசல் மண் உள்ள ஊர்களில் இன்னொரு கவனம். அது மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழம் குறைந்த அஸ்திவாரத்தில் சுவர் ஏறி இறங்கி அறுந்துபோகும். வெடிப்பு விழும் ஆழத்துக்குக் கீழே பில்லர் போய் உட்கார வேண்டும், பெல்ட்டுக்கு அடியில் மணல் மெத்தை வேண்டும். இந்தக் கூடுதல் இருவருக்கும் பொது.

எதில் கட்டுவது?

செங்கல்லுக்கு மாற்றாக 6 இஞ்சு சாலிட் பிளாக் வைத்தால் 300 சதுர அடிக்கு 325 கல் வரும். வேலை வேகமாக நகரும். இருமுகமும் சமமாக இருப்பதால் பொதுச் சுவருக்கு ஏற்றது.

ரெடிமேடு காம்பவுண்டு எனப்படும் அச்சுப் பலகைச் சுவரைப் பகிர்வு நோக்கில் கொஞ்சம் தனியாகப் பார்க்கலாம். தூண் ஏழு அடிக்கு ஒன்று என்றால் 60 அடிக்கு 10 தூண், இரண்டு தூணுக்கு நடுவே 5 பலகை வீதம் 45 பலகை. ஓரிரு நாளில் நின்றுவிடும். கோடு தவறு என்று பின்னால் தெரிந்தால் பலகையை உருவித் தூணை நகர்த்தி நடலாம். எல்லையில் லேசான சந்தேகம் உள்ள இடத்துக்கு இதைப்போல வேறில்லை. குறை என்னவென்றால், அச்சில் படிந்த முகம் வழவழப்பாகவும் மறுமுகம் சொரசொரப்பாகவும் இருக்கும். நல்ல முகம் யார் பக்கம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பாதிப் பாதி என்றால், சொரசொரப்பான முகம் கிடைப்பவரின் பக்கப் பூச்சை மொத்தச் செலவில் சேர்ப்பது ஒரு வழி. இரண்டு இஞ்சுப் பலகை மண் அழுத்தத்தைத் தாங்காது. அரையடி மண் சாய்த்தாலே அடிப்பலகை முறியும். ஒரு பலகை எழுபது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் மாற்றவும் இரண்டு ஆள் வேண்டும்.

கல்தூணும் கம்பியும் தோட்டத்துக்கு. ஏழு அடிக் கல்லை ஒன்றரை, இரண்டு அடி புதைத்து, 8 முதல் 10 அடிக்கு ஒன்றாக நட்டு, மூலையிலும் திருப்பத்திலும் முட்டுக்கல் கொடுக்க வேண்டும். முட்டுக்கல்லில் மிச்சம் பிடித்தால் கம்பி இழுக்கும்போதே மூலைத்தூண் சாய்ந்துவிடும். முள்கம்பி கிலோ கணக்கில் விற்பதால் கேஜ் பார்த்து வாங்குங்கள்: 12 கேஜ் கிலோவுக்கு 9 மீட்டர் அளவில் வரும், 14 கேஜ் 13, 14 மீட்டர் வரும். மெல்லிய கம்பி மலிவாகத் தெரிவது இதனால்தான். ஆடு மாடு வைத்திருப்பவருக்கு ஐந்து வரிசை போதாமல் செயின் லிங்க் வலை தேவைப்படும், பயிர்க்காரருக்கு வரிசைக் கம்பியே போதும். தூண் செலவு பாதிப் பாதி, வலைக்கான கூடுதல் ஆட்டுக்காரருக்கு என்று பிரிப்பது வழக்கத்துக்கும் ஒத்துப்போகும்.

கொங்குப் பக்கத்தில் இன்னும் நிற்கும் கிளுவை வேலிக்குச் செலவே இல்லை என்று சொல்வார்கள். காசாகச் செலவில்லை, இடமாக உண்டு. வருடா வருடம் கழிக்காவிட்டால் இருபுறமும் பரந்து, வெட்டுகிறவர் பக்கம் ஒடுங்கி, வெட்டாதவர் பக்கம் விரிந்து, கோடே நகர்ந்ததுபோல் தோன்றும். அதற்குள்ளே கல் எங்கே என்று பாருங்கள், வேலி எங்கே என்று பார்க்காதீர்கள்.

கூடுதலைப் பிரிப்பது

ஒருவருக்கு 5 அடி போதும், மற்றவருக்கு 7 அடி வேண்டும். ஒரே மேஸ்திரியிடம் இரண்டு எஸ்டிமேட் வாங்குங்கள். 5 அடிக்கு 1,20,000, 7 அடிக்கு 1,60,000 என்று சொன்னால், முதல் தொகையில் ஆளுக்கு 60,000. மீதி 40,000 உயரம் கேட்டவருக்கு. இரண்டடிச் செங்கல்லை மட்டும் எண்ணிக் கூடுதலைக் கணக்கிட்டால் தவறு. உயரம் கூடினால் காற்றுக்கு ஈடுகொடுக்கப் பில்லரும் அடியும் பெருக்க வேண்டும். அந்த வித்தியாசம் இரண்டு எஸ்டிமேட்டுக்கும் நடுவில்தான் வெளிப்படும். பழைய சுவரை இடிக்கும் கூலி, கட்டுமானக் கழிவை ஏற்றும் வண்டி வாடகை, தேறும் பழைய செங்கல்லின் மதிப்பு மூன்றையும் எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். தண்ணீரும் கரண்டும் பெரும்பாலும் குடியிருப்பவர் வீட்டிலிருந்தே போகும். அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொடுப்பது மரியாதை.

பணத்தை ஒருவர் வசூலித்து மேஸ்திரிக்குக் கொடுப்பதைவிட, இருவரும் கட்டத்துக்குக் கட்டம் நேராகக் கொடுப்பது நல்லது: அடி காங்கிரீட் போட்டதும், பெல்ட் முடிந்ததும், சுவர் எழுந்ததும், கோப்பிங் காய்ந்ததும் என நான்கு தவணை. ஒருவர் வீட்டில் ஏற்கெனவே கட்டட வேலை நடந்து, அங்கே மிஞ்சிய செங்கல்லும் சிமென்ட்டும் சுவருக்குப் போனால் கணக்கு நிச்சயம் குழம்பும். சுவருக்குரிய சாமானைத் தனியாக இறக்குங்கள். நூல் பிடிக்கும் நாளில் இருவரும் இருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்து நூல் கட்டும் கொத்தனார்கள் உண்டு. கல்லிலிருந்து கல்லுக்குத்தான் நூல் கட்ட வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட்டதும் டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் எழுந்தபின் ஒரு வாரமாவது இருமுகமும் நனைய வேண்டும். காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று முறை வைத்தால் நடக்கும். "அவங்க ஊத்துவாங்க" என்று விட்டால் யாரும் ஊற்ற மாட்டார்கள்.

எழுதிக்கொள்ள வேண்டியது

முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும். சர்வே எண், மனை எண், சுவரின் நீளம், உயரம், தடிமன், கோட்டின் நடுவில் நிற்கிறது என்ற வரி, அஸ்திவாரம் இருபுறமும் எவ்வளவு நீள்கிறது, யார் எவ்வளவு கொடுத்தார், பழுது வந்தால் பாதிப் பாதி, ஒருவர் வண்டியோ மரமோ இடித்து விழுந்தால் அவர் செலவு. உயரத்தைக் கூட்ட வேண்டுமானால் மற்றவரின் எழுத்துச் சம்மதம். இவற்றோடு, பெரும்பாலானோர் எழுதாமல் விட்டுப் பிறகு வருந்தும் வரி ஒன்று உண்டு: இந்தச் சுவரை அறைச் சுவராகவோ ஷெட் தாங்கியாகவோ யாரும் பயன்படுத்தக் கூடாது, இதில் குழாயோ மின்கம்பியோ பதிக்கக் கூடாது. ஒருவர் தகரத்தை முட்டுக்கொடுத்து மாட்டுக் கொட்டகையோ பாத்ரூமோ போடுவதில்தான் பொதுச் சுவரின் நட்பு முறிகிறது. தகரத்து நீர் அடுத்த பக்கம் விழும், பாத்ரூம் ஈரம் மறுமுகத்தில் பூக்கும். கேட்டுக்கும் இதே விதி. பத்தடி இரும்புக் கேட்டைப் பொதுச் சுவரின் முனைப் பில்லரில் மாட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது பில்லரை ஆட்டும். கேட்டுக்காரர் தன் நிலத்தில் தனிப் பில்லர் போட்டுக்கொள்ள வேண்டும்.

மனையை விற்கும்போது இந்தத் தாள் உங்கள் பெட்டியில் இருந்தால் போதாது. கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் "மேற்படி மனையின் மேற்குக் காம்பவுண்டு சுவர் பொதுச் சுவர், அதில் பாதிப் பாத்தியம்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிப் பத்திர எழுத்தரிடம் கொடுங்கள். பழைய ஊர்ப் பத்திரங்களில் இந்த வரி தவறாமல் இருக்கும், லேஅவுட் மனைகளில்தான் விட்டுப்போகிறது.